கார்டு இல்லாத டீச்சர்

சுனாமிக்குப் பிறகு எங்கள் தீவில், புரோத்ராபூரில் நான் அங்கன்வாடி நடத்திய காலத்தில், பிள்ளைகள் என்னிடம் படிக்க வந்தார்கள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். கிச்சடிக்கு வந்தார்கள். பாத்திரம் காலியானதும் பாதிப் பேர் வேலி தாண்டிவிடுவார்கள்.

தாண்டாத ஒருத்தி இருந்தாள். ஐந்து வயது. அலையில் வீடு போனபின் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்திலிருந்து இங்கே வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் வாய் ஓயாதாம். என்னிடம் வந்தால் வாய்க்குப் பூட்டு. பக்கத்துப் பள்ளியிலோ எல்லாம் ஹிந்தி. நர்சரியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முன் பெஞ்சு, வாய் திறக்காததுகளுக்குக் கடைசிப் பெஞ்சு. கடைசிப் பெஞ்சுக்குப் போன பிள்ளை முன்னால் வந்து நான் பார்த்ததில்லை.

"இவளையும் மக்குன்னு ஒதுக்கிப்புடுவாங்களோ டீச்சர்?" என்று அவள் அம்மா தினமும் கேட்பாள். நான் ஹிந்திப் பாட்டாகப் பாடித் தள்ளினேன். வேலியோரம் மேய்ந்த ஆடு பயந்து ஓடியது. அவள் அசையவில்லை.

ஒரு மழைநாள், வெளியே விட வழியில்லாமல் மேஜையை இழுத்துப் போட்டுக் கப்பல் டிக்கெட் கவுண்டர் விளையாட்டை ஆரம்பித்தேன். பிஸ்கட் அட்டையில் பத்து டிக்கெட் வெட்டினேன். யாரும் சொல்லாமலே அவள் போய் நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

"கார்டு திகாவ்! லைன் மே ஆவ்!"

கார்டைக் காட்டு, வரிசையில் வா என்று சுத்தமான ஹிந்தி, கவுண்டர்க்காரரின் அதே கடுகடுப்போடு. அப்பாவுடன் வரிசையில் நின்று நின்றே கற்றிருக்கிறாள். ஏழு டிக்கெட் கொடுத்ததும் மீதி எத்தனை என்று கேட்டேன். "தீன்" என்று மூன்று விரலையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இத்தனை நாள் தொண்டை கிழியப் பாடியதை நினைத்து எனக்கே வெட்கமாகப் போனது.

பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். மெயின்லேண்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பெயர் கேட்டார். பூட்டு. எண்ணச் சொன்னார். பூட்டு. நோட்டில் 'வீக்' என்று எழுதினார். "டிக்கெட் வாங்காம எப்படி மேடம் போவீங்க?" என்று ஹிந்தியில் சொல்லி மேஜையை இழுத்துப் போட்டேன்.

அவள் நாற்காலியில் ஏறினாள். டீச்சர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"கார்டு?"

தீவுக்காரர் என்பதற்கான கார்டு பாவம் அவரிடம் ஏது? "நான்-ஐலண்டர் லைன் உதர்!" என்று, வெளியூர்க்காரர் வரிசைக்கு இவள் மூலையைக் காட்டினாள். டீச்சர் போய் நின்றார். மற்ற பிள்ளைகளெல்லாம் வாங்கிப் போகும்வரை நின்றார். கடைசியில் அவர் முறை வந்தபோது, "கதம் ஹோ கயா. கல் ஆனா" என்று, டிக்கெட் தீர்ந்ததால் நாளைக்கு வரச் சொல்லிவிட்டாள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். டீச்சர் நோட்டை எடுத்து 'வீக்'கை அடித்தார்.

பள்ளி திறந்த முதல் நாள், முன் பெஞ்சில் உட்கார்ந்தும் அவள் மறுபடி பூட்டிக்கொண்டாளாம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா வந்து சொன்னாள். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, அவளைத் தூக்கித் தன் நாற்காலியில் உட்கார வைத்தாராம். நர்சரிப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாராம். பிறகு தானும் போய் எல்லோருக்கும் கடைசியில் நின்றாராம்.