மூச்சுக்கு விட்ட துணி

நான் தைத்துக் கொடுத்த சட்டைகளில் மிக மோசமான ஒன்றுக்குத்தான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாட்டில் பச்சை நிறத்தில், சற்றின் என்ற பளபளப்புத் துணியில், ஒரு ருமேனிய ஜாஸ் பாடகிக்காகத் தைத்தது.

கெல்சென்கிர்ச்சனில் என் தையல் கடைக்கு ஜேர்மன்காரர் காற்சட்டை நீளம் குறைக்க வருவார்கள், நம் ஆட்கள் சேலைக்குப் போடும் சட்டை தைக்க வருவார்கள். உலகக் கிண்ணக் கால்பந்து இங்கே நடந்ததற்கு அடுத்த வருடம், கடையில் வாங்கிய, கணுக்காலைத் தாண்டும் நீளச் சட்டை ஒன்றைக் குறைக்கவென்று அவர் வந்தார். அறுபதை எட்டிப் பிடிக்கும் வயது. ஒரு கல்யாணப் பெண்ணுக்காக நான் தைத்துத் தொங்கவிட்டிருந்த சேலைச் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்ததைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.

"எனக்கும் இப்பிடி உடம்போட ஒட்டினமாதிரி ஒண்டு தைச்சுத் தாங்கோ, அக்கா."

எங்கள் இருவருடையதும் நொண்டி ஜேர்மன். ஆனால் அவர் பேசியதெல்லாம் என் தலைக்குள் ஊர்த் தமிழில்தான் கிடக்கிறது; அப்படியே எழுதுகிறேன். அக்கா என்றது மட்டும் அவர் வாயிலிருந்தே வந்த சொல். கடைக்கு வருபவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்னை அக்கா ஆக்கிவிட்டார். நானும் திருத்தவில்லை. வயதைக் குறைத்துக்கொள்ளும் ஆசை யாருக்குத்தான் இல்லை!

துணி தெரிவு செய்ய, நூல் தெரிவு செய்ய என்று டெர்மின், அதாவது முன்பதிவு, எதுவும் எடுக்காமல் அடிக்கடி வந்தார். வந்தால் கதைதான். தன்யூப் ஆற்றங்கரைத் துறைமுக ஊரில் பிறந்தவர். கோடைக்காலங்களில் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் வாத்தியக் குழுவில் பாடியிருக்கிறார். எந்தப் பாட்டைப் பாடலாம் என்று அரசாங்கத்து ஆள் பட்டியலில் குறியிட்டுத் தரவேண்டுமாம். அமெரிக்கப் பாட்டுகளை வானொலியில் சத்தம் குறைத்துக் கேட்டு, ஒரு சொல்லும் விளங்காமல் தன் எழுத்தில் எழுதிப் பாடமாக்கியவர். கோயிலில் நான் சமஸ்கிருதம் பாடுவதும் அந்த லட்சணத்தில்தான் என்றேன். இருவரும் சிரித்தோம்.

குழுவோடு ஜேர்மனிக்குப் பாட வந்தவர் திரும்பிப் போகவில்லை. அகதி முகாமில் இருந்தார், ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்தார். அதன் பிறகுதான் சின்னச் சின்ன மண்டபங்கள், இரண்டு இசைத்தட்டுகள், பத்திரிகையில் ஒரு படம். நானும் முகாமில் இருந்தவள். அங்கே கொடுக்கும் சூப்பின் மணத்தைப் பற்றி மட்டும் நாங்கள் அரைமணி நேரம் பேசியிருப்போம்.

முந்தைய குளிர்காலத்தில் அவருக்கு நுரையீரல் அழற்சி வந்திருந்தது. ஒரு வருடமாக மேடையே ஏறவில்லை. டுசல்டோர்ஃபில் ஒரு ஞாயிறு முற்பகல் நிகழ்ச்சிக்காகத்தான் இந்தச் சட்டை.

"அண்டைக்குக் குரல் வந்தால் பாடுவன். வராட்டில் அதோட விட்டிடுவன். அரைக் குரலில பாடி ஆக்களிட்டை இரக்கம் வாங்க என்னால ஏலாது," என்றார்.

அளவெடுக்கும்போதுதான் நான் கெட்டேன். நம் பெண்கள் அளவுநாடாவைக் கண்டதும் வயிற்றை எக்கி மூச்சைப் பிடிப்பார்கள். இவர் நேர்மாறு. விலா இரண்டும் பக்கவாட்டில் விரிய மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, "இப்ப அளவுங்கோ," என்றார். ஓம் ஓம் என்று அளந்தேன். அவர் மூச்சை விட்டதும், துணி சரிபார்ப்பதுபோல் இன்னொரு தடவை அளந்தேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். பெரிய அளவில் தைத்தால் முதுகில் துணி தொளதொளவென்று நிற்கும். அதைப் பார்க்க என் கண் பொறுக்காது. இருபது வருடம் தைத்தவளுக்குத் தெரியாததா என்ற திமிரில் சின்ன அளவுக்கே தைத்தேன். போட்டுப் பார்த்த அன்று, நிகழ்ச்சி நாள்வரை குரலை மிச்சம் பிடிக்கச் சொல்லி டாக்டரின் கட்டளை என்பதால் அவர் பாடவில்லை. கண்ணாடியைப் பார்த்து அழகு என்றார். நான் பூரித்துப் போனேன்.

அந்த ஞாயிறு என்னையும் என் கணவரையும் அழைத்திருந்தார். நேரத்தோடு போய்விட்டோம். வெறும் மண்டபத்தில் பியானோக்காரரோடு அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரி தேன். நீட்ட வேண்டிய இடம் வந்ததும் குரல் பாதியில் நின்றது. மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் நின்றது. பியானோக்காரர் சுருதியைக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் அதே கதைதான். பாடகி மேடை விளிம்பில் உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "நெஞ்சு விரியுதில்லை. நுரையீரல் வருத்தம் போகேல்லை. முடிஞ்சுது."

மூன்றாவது வரிசையிலிருந்து நான் பார்த்தது அவர் முகத்தை அல்ல. கையின் கீழே பச்சைத் துணி, இழுத்துக் கட்டிய கொடிக் கயிறாக விறைத்து நின்றது.

"என்னப்பா, முகம் வெளிறிப் போச்சு?" என்றார் கணவர்.

"அவவுக்கு நெஞ்சு வருத்தமில்லை. சட்டை இறுக்கம். நான்தான் ஒளிச்சு அளந்தனான்."

"அப்ப போய்ச் சொல்லும்."

எழும்ப மனம் வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் எல்லோரும் வயது என்பார்கள், நோய் என்பார்கள். தையல்காரியை யார் நினைக்கப் போகிறார்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியும் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு எழுந்துபோய், அவர் முன்னால் நின்று, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டு விழும் என்று நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சட்டையோ? என்ர நெஞ்சில்லையோ? சட்டையோ, அக்கா?"

"சட்டைதான்."

அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். என் வாழ்நாளில் என் பிழையைக் கேட்டு அப்படி மகிழ்ந்தவர் வேறு யாருமில்லை.

உடைமாற்றும் அறைக்கு ஓடினோம். கைப்பையில் பிளேட் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. சேலைச் சட்டைக்கு நாங்கள் எப்போதும் உள்ளே துணி விட்டு, பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று தையல் போடுவோம். உடம்பு வைத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கைப்பழக்கத்தில் இந்தச் சட்டைக்கும் அப்படியே போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் உள் தையல்கள் இரண்டிரண்டைப் பிரித்தேன். வெளித் தையல் தாங்கியது.

"மூச்சை எடுங்கோ," என்றேன்.

எடுத்தார். துணி அவரோடு சேர்ந்து விரிந்தது.

ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் அந்த நீண்ட இடம் வந்தபோது கணவரின் கையை இறுக்கிப் பிடித்தேன். குரல் போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் வாய்க்கருகே கொண்டுபோன பியர் கிளாஸைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். ஜாஸ் எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்காது.

அதன் பிறகு பல வருடங்கள் பாடினார். மூச்சை இழுத்து நிற்க வைத்து அளந்து, ஐந்து சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். ஆனாலும் முக்கியமான நிகழ்ச்சி என்றால் அந்தப் பச்சைதான். சற்றினில் ஊசி போன துளை மறையாது. அவர் கையை உயர்த்தும் போதெல்லாம், பிரித்த தையலின் புள்ளிவரிசை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கோணல் தையலைக்கூடச் சகிக்காதவள் நான். ஒருநாள் பொறுக்க முடியாமல், மேலே ஒரு கரை வைத்து மறைத்துத் தரவா என்று கேட்டேன்.

"தொடவேண்டாம், அக்கா," என்றார். "இந்த நாட்டில எல்லாத்துக்கும் அத்தாட்சிக் கடுதாசி கேப்பினம். என்ர குரல் போகேல்லை எண்டதுக்கு என்னட்டை இருக்கிற கடுதாசி இதுதான்."