கிட்டப்பார்வை லென்ஸ்

தாட்சாயிணியைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் அது நானாக இருக்கக் கூடாது. உருப்படாத லென்ஸ் ஒன்றை அவள் தலையில் கட்டியவன் நான். ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாததால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

என் பெயர் ராபர்ட். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தாட்சாயிணிக்குச் சிதம்பரம். தெற்கு வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பவர் பார்ப்பதுதான் அவள் வேலை. முகூர்த்த நாளில் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, எனக்கு இரண்டாவது கேமரா பிடிப்பாள். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

இரண்டாவது கேமரா என்றால் என்ன என்று கல்யாண வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. மேடையும் தாலியும் முதல் கேமராவுக்கு. வாசல், சீர்வரிசைத் தட்டு, பந்தி எல்லாம் இரண்டாவதற்கு. அந்த ஆறு வருஷத்தில் அவள் எடுத்த சாம்பார் வாளிகளுக்குக் கணக்கே இல்லை. தாலி கட்டுகிற படம் ஒன்றுகூட எடுத்ததில்லை. ஒருமுறையாவது விடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அடுத்த தடவை பார்க்கலாம்மா என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் என் அக்கா புஷ்பவள்ளியின் மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சொந்த அக்கா மகள், எனக்குத்தான் போட்டோ என்று டைரியில் குறித்தே வைத்துவிட்டேன். சிந்துஜா நேரில் வந்து சொன்னாள்: "மாமா, நீங்க தாய்மாமன். முன் பெஞ்சுல ஜம்முனு ஒக்காருங்க. போட்டோவுக்குத் தாட்சாயிணி அக்காவ சொல்லிட்டேன்."

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் சொன்ன காரணம் இன்னும் மோசம். எங்கள் சர்ச்சில் ஃபாதர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பூசை நேரத்தில் கேமராக்காரர்கள் பீடத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது, கடைசி பெஞ்சுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், பிளாஷ் அடிக்கவே கூடாது. போட்டோ எடுத்தால் தாய்மாமனும் அங்கேதான் நிற்க வேண்டிவரும் என்றாள். அந்தச் சட்டம் வரக் காரணமே நான்தான். முந்தின வருஷம் ஒரு கல்யாணத்தில் நல்ல கோணம் தேடிப் பின்னாலேயே நகர்ந்து, பீடத்துப் பூச்சாடியை இடுப்பால் இடித்துக் கவிழ்த்துவிட்டேன். ஃபாதரின் அங்கியெல்லாம் தண்ணீர்.

தாட்சாயிணி என்னிடமே யோசனை கேட்க வந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து தாலியைப் பிடிக்க நீளமான ஜூம் வேண்டும், அதுவும் பிளாஷ் இல்லாமல். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் என்றால் அந்த விலைக்கு ஒரு பைக் எடுத்துவிடலாம், அது அவளுக்குக் கட்டாது. மலிவான ஜூம்கள் தூரம் போகும், ஆனால் வெளிச்சம் உள்ளே விடாது, சர்ச்சுக்குள் இருட்டடித்துவிடும். மிச்சம் ஒரே வழி. வேறு கம்பெனிக்காரன் அதே கேமராவுக்குப் பொருந்துகிற மாதிரி செய்து விற்கிற ஜூம். வாய் அகலம், வெளிச்சத்துக்குக் குறைவில்லை, விலை பாதிக்கும் கீழே. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒன்று அருமையாக அமையும், இன்னொன்று காலை வாரும். வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

"எங்கிட்டயே ஒன்னு இருக்குதும்மா. எடுத்துக்கோ, வாங்கின விலையில கால்வாசி குடுத்தாப் போதும்" என்றேன்.

அந்த லென்ஸ் இரண்டு வருஷமாக என் பீரோவில் கிடந்தது. அதில் எடுத்த மாப்பிள்ளைகள் எல்லாம் பனிக்குள் நிற்பவர்கள் மாதிரி மங்கலாக வந்ததால் மூட்டைகட்டி வைத்திருந்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். அவள் படங்கள் கெட்டுப்போகும், அக்கா பதறிக்கொண்டு என்னிடம் வருவாள், முன் பெஞ்சில் என் பைக்குள் கேமரா தயாராக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இதை எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் அவளிடமிருந்து போன் இல்லை. லென்ஸைத் திருப்பித் தருவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. மனசு கேட்காமல், படிக்கிற கண்ணாடி மாற்ற வேண்டும் என்ற சாக்கில் சிதம்பரம் போனேன்.

கடைக்குள் நுழைந்தால் முதலாளி கனகசபாபதி ஐயா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நீள மேஜையில் பத்துப் பன்னிரண்டு கண்ணாடி பிரேம்கள், ஒன்றின் பின் ஒன்றாக, ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு தொங்கியது. கடையின் மறுகோடியில் தாட்சாயிணி ஸ்டாண்டில் கேமராவை மாட்டிக் குனிந்திருந்தாள். மதியத்திலிருந்து யாவாரம் இல்லை, இந்தப் பொண்ணு பிரேமுக்கெல்லாம் போட்டோ புடிக்குது என்று ஐயா என்னிடம் புலம்பினார்.

அவள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். "ஆறாவது பிரேம் மேல ஃபோகஸ் வச்சேன் சார். எந்த விலைச் சீட்டு தெளிவா இருக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். ஆறாவது மங்கல். நாலாவது சீட்டில் இருந்த எண், கத்தியால் வெட்டின மாதிரி தெளிவு.

"லென்சு மங்கல் இல்ல சார். அதுக்குக் கிட்டப்பார்வை. நாம பாக்கச் சொல்ற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே பாக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னுடைய அந்த மங்கல் மாப்பிள்ளைப் படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு மைக் நிற்கும். அந்த மைக் மட்டும் பளிச்சென்று இருக்கும். இரண்டு வருஷம் அந்த மைக்கைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. கண் பவர் பார்க்கிறவளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

கேமராவுக்குள்ளேயே அதற்கு வைத்தியம் இருந்தது. மெனுவில் உள்ளே உள்ளே போனால், பிளஸ், மைனஸ் என்று ஓர் எண் கொடுத்து லென்ஸ் பார்க்கிற இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வைக்கலாம். ஒரு தரம் எண்ணைக் குறித்துவிட்டால் அந்த லென்ஸை மாட்டும்போதெல்லாம் கேமரா ஞாபகம் வைத்துக்கொள்ளும். மெனுவில் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. மனுஷனுக்குக் கிட்டப்பார்வை என்றால் மைனஸ் கொடுப்போம், இதுக்கு மட்டும் பிளஸ் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் கிட்டத்தில் சரியாக இருப்பது தூரத்திலும் சரியாக இருக்கும் என்று அவள் நம்பவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே, கடையின் எழுத்துச் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடலூர் வந்துவிட்டாள். சிந்துஜா ஃபாதரிடம் அனுமதி வாங்கியிருந்தாள். அங்கே நடந்ததெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பீடத்துப் படியில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிற இடத்தில் அந்தச் சார்ட்டை நிறுத்தி வைத்து, எதிர்க்கோடியிலிருந்து படம் எடுத்தாள். எண்ணை மாற்றினாள், எடுத்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள். இப்போது எப்படி இருக்கிறது, முன்னால் எப்படி இருந்தது என்று கடையில் நாள் பூரா கேட்கிற கேள்விகளைத் தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டாள். கடைசி வரியின் குட்டி எழுத்துகள் படத்தில் படிக்கிற மாதிரி வரும்வரை விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஃபாதர் அவள் பக்கத்தில் நின்று சார்ட்டைப் படிக்க முயன்று, நாலாவது வரியிலேயே மாட்டிக்கொண்டார். கடைக்கு வரச் சொல்லி அவருக்கு நாள் குறித்துக் கொடுத்தாள்.

மறுநாள் சர்ச் நிரம்பி வழிந்தது. நான் முன் பெஞ்சில் இருந்தேன். காலடியில் பை, பைக்குள் கேமரா. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாலி கட்டுற போட்டோ ஒன்னு போச்சுன்னா எல்லாம் போச்சேடா என்று இரண்டு தரம் என் காதில் சொன்னாள். அது எனக்கும் தெரியும். அந்த ஒரு படம் கெட்டால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்த வீட்டிலும் தாட்சாயிணியை முதல் கேமராவுக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆயுசுக்கும் சாம்பார் வாளிதான்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் மொத்தச் சர்ச்சும் எழுந்து நின்றது. கூடவே நூறு செல்போன்கள் மேலே எழும்பின. நடுவழி அடைத்துக்கொண்டது. ஒழிந்தாள் என்று நினைத்தேன். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐயோ பாவம், ஆறு வருஷம் என்றுதான் தோன்றியது. திரும்பிக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தேடினேன். அவள் அங்கே இல்லை.

வாசலுக்கு மேலே பாடகர் குழு நிற்கிற மாடத்தில் இருந்தாள். அதுவும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால்தானே, சட்டம் மீறவில்லை. முந்தின நாள் சார்ட்டை வைத்துப் பார்த்ததும் அங்கிருந்துதானாம். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, என் பழைய லென்ஸை நீட்டிக்கொண்டு, எல்லா செல்போன்களுக்கும் மேலே ராணி மாதிரி நின்றாள். என் பையை நான் திறக்கவே இல்லை.

பூசை முடிந்து இறங்கி வந்தவள் அக்காவிடம் கேமராவைக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் விரல்களுக்கு நடுவே தாலிச் சரட்டின் முடிச்சு பாதி இறுகியிருந்தது. மஞ்சள் நூல் பிரி பிரியாகத் தெரிந்தது. சிந்துஜாவின் கீழ் இமையில் விழப்போகிற ஒரு சொட்டு. முன்னால் நின்ற மைக் இந்தத் தடவை மங்கல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படியொரு தாலிப் படம் நான் எடுத்ததில்லை.

கூட்டம் சாப்பிடப் போனதும் அவளிடம் உண்மையைச் சொன்னேன். மங்கல் என்று தெரிந்தேதான் கொடுத்தேன் என்றேன்.

"தெரியும் சார். நீங்க எதையும் அவ்ளோ கம்மி வெலைக்கு யாருக்கும் குடுத்ததில்லையே" என்றாள். கோபமே இல்லை. "மங்கலாத் தெரியுதுன்னு தினம் எத்தினியோ பேரு கடைக்கு வர்றாங்க. ஒருத்தரையும் ஆகாதுன்னு நான் திருப்பி அனுப்பினதில்ல சார்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளே பேச்சை மாற்றினாள். பெண்ணாடத்தில் ஆவணியில் ஒரு பெரிய கல்யாணம் வந்திருக்கிறது, முதல் கேமரா அவள்தான், இரண்டாவதற்கு நல்ல ஆளாக ஒருவர் வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

போனேன். மேடையில் தாட்சாயிணி தாலி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பந்தியில் இருந்தேன். மொத்தம் எட்டுப் பந்தி. ஒரு சாம்பார் வாளியைக்கூட விடவில்லை.