அக்காவின் ஸ்க்ரோல் லாக்

என் அக்கா ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு வரும் புகார்க் கடிதங்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதினாள். சும்மா கிடப்பது எதுவும் அவளுக்குப் பொறுக்காது. மனிதர்களானாலும் சரி, கீபோர்டு பட்டன்களானாலும் சரி, ஏதாவது வேலை கொடுத்துவிடுவாள். அவள் கம்ப்யூட்டரில் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் எழுத்து அழியும். இன்சர்ட்டைத் தட்டினால், "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று முழு வரியும் வந்து விழும். டீ டம்ளரைக் கீழே வைக்காமலே ஒரு நாளைக்கு நாற்பது தடவை வருந்துவாள்.

மதியம் ஒரு மணிக்கு எனக்கு அவளிடமிருந்து "சாப்பிட்டியா?" என்று செய்தி வரும். இத்தனை வேலைக்கு நடுவிலும் எனக்காக உட்கார்ந்து அடிக்கிறாளே என்று உருகிப்போவேன்.

அவள் இறந்து மூன்று மாதம் கழித்து அக்கா மகள் கூப்பிட்டாள். "மாமா, அம்மா கம்ப்யூட்டர்ல காலேஜ் வேலை ஒண்ணும் ஓடல. கை பட்டாலே மன்னிப்புக் கேக்குது. எல்லாத்தையும் பழையபடி மாத்திக் குடுங்க."

வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாக மாற்றினேன். கேட்காமல் அக்காவின் அலமாரியைக் கலைப்பது போலிருந்தது. கடைசியாக, யாருமே தொடாத ஸ்க்ரோல் லாக் பட்டனைத் தட்டினேன்.

"சாப்பிட்டியா?" என்று திரையில் வந்தது.

"அடிப்பாவி! பதினோரு வருஷமா ஒரே பட்டன்ல ஏமாத்தியிருக்கா!"

"உங்களுக்குமா? காலேஜ்ல எனக்கும் இதேதான் வரும் மாமா!"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

"இதையும் மாத்திடவா?"

"வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மறுநாள் ஒரு மணிக்கு அக்கா மகளிடமிருந்து "சாப்பிட்டியா?" என்று செய்தி வந்தது. வெறும் பட்டன்தான் என்று தெரிந்தும், எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் பதில் போட்டேன்.