மீன்கூண்டுக்குக் கயிறு கேட்டவர்

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் இருக்கும் என் கயிற்றுக்கடைக்கு ஒருநாள் அவர் வந்தார். நடுக்கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளை நங்கூரத்தோடு கட்டுகிற வேலையாம். உப்பில் வெடித்த உதடு. எந்தக் கயிற்றை எடுத்தாலும் நுனியின் முறுக்கைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

“என்ன ஸ்வாமி, இப்படிப் பிரிச்சுப் போட்டா இத யாரு வாங்குவா?” என்றேன்.

“மேல புது நூலு, உள்ள பழசு. தெரிஞ்சேதான் விக்கிறியா?”

“கயிறு நம்ம கையில, காத்து கடவுள் கையில.”

“பழமொழிய அலைகிட்டச் சொல்லுய்யா! கூண்டுக்கு அடியில முங்கி முடிச்சுப் போடுறவன் என் தம்பி. அறுந்தா கூண்டு அவன் மேலதான் வரும். இத உன் இடுப்புல கட்டிக்கிட்டுக் கடல்ல எறங்கு, வாங்கிக்கிறேன்.”

கயிற்றை என் மடியில் எறிந்துவிட்டுப் போனார். அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் யார் கயிறு கேட்டாலும், என் கை முதலில் நுனியைத்தான் பிரிக்கிறது.