பெரிய சிஸ்டர் சொன்ன பொய்

ஈரத்துணியால் வாய் கட்டிய ஒரு பித்தளைக் கூஜா. அந்தப் பெண்ணை நினைத்தாலே முதலில் அதுதான் கண்முன் வந்து நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருச்சிக் கோட்டைப் பக்கம் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். டைபாய்டு காய்ச்சலோடு அவளை ஸ்ரீரங்கத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது, அதற்குள் விதவை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனுக்குக் கோயிலில் கைங்கர்யம். மருந்தை நாங்கள் கொடுக்கலாம், மருந்துக்குத் தோஷமில்லை. மற்றபடி ஒரு வாய்த் தண்ணீர்கூட எங்கள் கையால் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அதற்காகவே சமையல்கார மாமி ஒருத்தி தினமும் அந்தக் கூஜாவில் காவேரித் தண்ணீரும், கூடவே பாலும் சுமந்து பாலத்தைக் கடந்து வருவாள். புகட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்புவாள். எங்களில் சிலருக்கு அது எரிச்சல்தான். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

எரிச்சலே படாதவர் பெரிய சிஸ்டர் ஒருவர்தான். எங்கள் தலைமை நர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாமி வரும் நேரத்தில் கட்டிலைச் சுற்றி நாங்கள் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்வார். "அவங்க வழக்கம் அவங்களுக்கு. நம்மகிட்ட நம்பி விட்டிருக்காங்க, அதுவே பெரிசு" என்பார். ஜெபம் செய்வதைக்கூட அந்த வார்டுக்கு வெளியே வைத்துக்கொண்டார்.

ஆடி மாதம் ஆற்றில் வெள்ளம் வந்தது. பாலத்தில் யாரையும் விடவில்லை. மூன்று நாள் மாமி வரவில்லை. அந்தப் பெண்ணுக்கோ நினைவே இல்லை, உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. பெரிய சிஸ்டர் ஒரு முழுக் காலைப்பொழுது பொறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் அடுப்பில் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்ட ஆரம்பித்தார். மூன்று நாளும் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் அவள் கண் திறந்தபோது, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று அவர் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் அண்ணன் ஓடிவந்தார். கூடவே அவர் தெருக்காரர்கள் இரண்டு பேர். தங்கை பிழைத்துவிட்டாள் என்று கேட்டதும் துண்டை வாயில் பொத்திக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "மூணு நாளும் மருந்துதானே கொடுத்தேள்?" என்றார். பதில் வருமுன் மறுபடி, "மருந்து மட்டும்தானே?" என்றார். அந்த இரண்டாவது தடவையில் கேள்வி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் துறையூர்க்காரி, ஸ்ரீரங்கத்து ஆசாரம் கேள்விப்பட்டு வளர்ந்தவள். பெரிய சிஸ்டருக்குப் புரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, "வெறும் மருந்து எப்படிங்க உயிரைப் பிடிச்சு வைக்கும்? கஞ்சிங்க! என் கையாலேயே ஊட்டினேன்" என்றார். அவர் புடவையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம் நான். மரம் மாதிரி நின்றேன். பாவி!

தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தங்கையைப் பார்க்காமலே படியிறங்கினார். அதன்பின் மாமியும் வரவில்லை.

காய்ச்சல் முழுக்க விட்டு, அவள் எழுந்து நடமாடியும் அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஞானஸ்நானம் கொடுத்து இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்று சபையில் சிலர் சொன்னார்கள். பெரிய சிஸ்டருக்கு வந்ததே கோபம்! "போக வழியில்லாத பொண்ணைப் பிடிச்சு வைக்கவா ஆண்டவர் சொன்னார்?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். தெருமுனையில் வெகுநேரம் நின்றோம். அண்ணன் வெளியே வந்ததும், "அன்னைக்கு நான் பெருமைக்குச் சொன்னதுங்க. கஞ்சி கொடுக்கவே இல்லை, மருந்துதான்" என்றார். ஒரு காய்ச்சல் டிகிரியைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனுஷி. குரல் நடுங்கியது, கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. "உங்களுக்குப் பொய் சொல்ல வரலை. நீங்க சொன்னதை ரெண்டு பேர் கேட்டுண்டிருந்தா. நான் தனியா கேட்டிருந்தேன்னா விழுங்கியிருப்பேன். இப்போ அவளை உள்ளே சேர்த்தா எனக்குக் கோயில் இல்லை, என் குழந்தைகளுக்குச் சம்பந்தம் இல்லை" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அவர் மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை என்பதுதான் இன்றும் எனக்குப் பெரிய கஷ்டம். ஆத்திரப்பட ஒருவர் கிடைத்திருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

திரும்பி வந்தபோது அவள் வார்டு வாசலில் காத்திருந்தாள். "அண்ணா என்ன சொன்னார்?" என்றாள். பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வருவாரும்மா" என்றார்.

இன்று என் பேத்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், யார் காய்ச்சிய கஞ்சி என்று எவரும் கேட்பதில்லை. அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன?

அந்த வருஷத் தீபாவளிக்கு முன் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். துவைத்த புடவையை மடித்து மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, தினமும்போல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க திரும்பி வரச்சே நான் இங்கே இருக்கமாட்டேன். எங்காத்துக்குப் போயிருப்பேன்" என்றாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ, என் கையைத் தொட்டு எனக்கே தைரியம் சொன்னாள்: "அண்ணா வருவார். பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கா. அவா பொய் சொல்லமாட்டா."

"ஆமாம்மா" என்றேன்.