காணாமல் போன அண்டாவும் நான் கண்ட மழையும்

வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். இருபது வருடத்துக்கு மேலாகப் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். பையன்கள் என்னைக் கண்டு பயப்படுவார்கள். நான் ஊசியைக் கண்டு பயப்படுவேன். பயம் என்று சொன்னால் போதாது. ஊசி கண்ணில் பட்டதும் காது அடைக்கும், வியர்க்கும், அடுத்து நான் தரையில் கிடப்பேன்.

அடிக்கடி தாகம், கொஞ்சம் எடை குறைவு என்று ஜெயங்கொண்டத்தில் டாக்டரைப் பார்த்தபோது ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். முதல் தடவை லேப் வாசல் வரை போய்விட்டு, பூட்டியிருக்கிறது என்று வீட்டில் பொய் சொன்னேன். இரண்டாம் தடவை மனைவியே கூட்டிக்கொண்டு போனாள். முக்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே சரிந்து மேசை விளிம்பில் புருவத்தைக் கிழித்துக்கொண்டேன். அதற்குத் தையல் போட வேண்டும் என்று மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்தார்கள். மறுபடி மயங்கினேன். அன்றைக்குத்தான் டாக்டர், பெரம்பலூரில் ஒரு உளவியல் நிபுணர் இருக்கிறார், ஹிப்னாடிச முறையில் இந்த மாதிரிப் பயத்தைக் குறைக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆசிரியர் அறையில் விஷயம் பரவியதும் ஆளுக்கொரு எச்சரிக்கை சொன்னார்கள். யாரோ ஒருவரைப் பஸ் ஸ்டாண்டில் வசியம் பண்ணி மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் தமிழ் ஐயா. திரும்பி வரும்போது கோழி மாதிரி கொக்கரிப்பீர்களா என்று விளையாட்டு வாத்தியார் ரொம்ப அக்கறையாகக் கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். என் மனைவிக்கு மட்டும் ஒரே உற்சாகம்.

"நானும் வரேன். கல்யாணமான நாள்லேருந்து உங்களை வசியம் பண்ணப் பாக்குறேன், முடியல. அந்த மேடம் எப்படிப் பண்றாங்கன்னு பாக்கணும்" என்றாள்.

பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த அறை. மணி ஊசலாடும், சுவரில் வட்டம் சுழலும் என்று நினைத்துப் போனேன். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேசை, ஓடாத ஒரு ஏசி, அவ்வளவுதான். மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். என் கேள்விகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அந்த நோட்டை வாங்கித் தானே படித்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

எனக்கு விருப்பமில்லாததை யாரும் செய்ய வைக்க முடியாது. வேண்டாம் என்று தோன்றினால் நானே கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். சிலருக்குத் தலைவலி வரும், தலை சுற்றும், அன்றைக்கு முழுக்கத் தூக்கம் சொக்கும். சிலருக்குக் காரணம் தெரியாமல் அழுகை வரும், படபடப்புக்கூட வரும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். முடிந்த கையோடு வண்டி ஓட்டக் கூடாது. பிறகு அவர் என்னைக் கேள்வி கேட்டார். வலிப்பு உண்டா, மனநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா என்று. குரல் கேட்பவர்களுக்கு இதைச் செய்ய மாட்டாராம். என் மனைவி குறுக்கே புகுந்து, நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே இவருக்குக் கேட்காது என்றாள். மேடம் அதையும் எழுதிக்கொண்ட மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணை மூடி உட்கார்ந்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது, மனைவியின் வளையல் சத்தம் கேட்டது. எல்லாம் கேட்கிறதே, இது நமக்குப் பலிக்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் வலது கை என்னுடையது இல்லாத மாதிரி லேசாக இருந்தது. திடீரென்று கன்னம் நனைந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்று கண்ணைத் திறந்தால் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது.

தலை கனத்தது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்து, டீ குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டேன். ஜெயங்கொண்டம் வந்து மனைவி தட்டி எழுப்பியபோது, நான் வழியெல்லாம் பக்கத்து சீட்டு ஆளின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டது தெரிந்தது. ஏன் எழுப்பவில்லை என்றேன். அந்த மனிதரும் தூங்கிவிட்டார், இரண்டு பேரும் பார்க்க அழகாக இருந்தீர்கள் என்றாள். ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் தலைவலி போய்விட்டது.

நாலு வாரம் இப்படிப் போய்வந்தோம். அடுத்த வாரம் லேபுக்குப் போனேன். சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தைப் படித்துக்கொண்டே மூச்சை மேடம் சொல்லித் தந்த மாதிரி விட்டேன். எப்பம்மா எடுப்பீங்க என்று லேப் பெண்ணைக் கேட்டேன். எடுத்தாச்சு சார் என்று பஞ்சை அழுத்தினாள். மாலையில் ரிசல்ட் வந்தது. சர்க்கரை இருக்கிறது, ஆரம்பக் கட்டம், மாத்திரையிலும் நடையிலும் கட்டுப்படும் என்றார்கள். சர்க்கரை இருக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிரியாணி அண்டா இருந்தது. என் மனைவிக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்தது. முந்தின வருடம் ஈஸ்டருக்கு அதில்தான் சமைத்தோம். கிறிஸ்துமஸுக்கு எடுக்கப் பரணில் ஏறினால் அண்டா இல்லை. மோதிரமா, கம்மலா, இடுக்கில் விழுந்துவிட்டது என்று சொல்ல? ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. தெரு முழுக்கக் கேட்டாகிவிட்டது. நீங்கள்தான் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருப்பீர்கள் என்று மனைவி என்னைச் சொன்னாள். எனக்கு நினைவில்லை.

கடைசியாகப் பெரம்பலூர் போனபோது, இதே முறையில் அண்டாவை யாருக்குக் கொடுத்தேன் என்று ஞாபகப்படுத்த முடியுமா என்று மேடத்தைக் கேட்டேன். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், பயத்தைக் குறைக்க இது உதவும். தொலைஞ்சதைக் கண்டுபிடிக்க நான் இதைச் செய்ய மாட்டேன். அந்த நேரத்துல மனசு ஞாபகத்தையும் கற்பனையையும் கலந்து கொடுத்துடும். எது எதுன்னு உங்களாலயே பிரிக்க முடியாது. ஆனா நடந்ததுதான்னு அடிச்சுச் சொல்லுவீங்க. அதுதான் இதுல இருக்குற பெரிய ஆபத்து."

நான் தலையாட்டினேன். ஆனால் அதெல்லாம் மற்றவர்களுக்கு, கணக்கு வாத்தியாருக்கு ஒவ்வொரு படியையும் சரிபார்க்கத் தெரியாதா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

முந்திரி காய்ப்புக் காலம். ஒரு சனிக்கிழமை மனைவி கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்தாள். போனில் தேடியதில், மறந்ததை நினைவுக்குக் கொண்டுவருவதாக ஒரு வீடியோ கிடைத்தது. கட்டிலில் படுத்து, அந்தக் குரல் சொன்னபடி படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே ஒரு கதவு, அதைத் திற என்றது. திறந்தேன்.

எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. அரியலூரில் இருக்கும் மனைவியின் தம்பி, நீலக் கட்டம் போட்ட சட்டையில், தன்னுடைய குட்டியானை சரக்கு வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு நிற்கிறான். நானும் அவனும் ஆளுக்கொரு காதைப் பிடித்து அண்டாவை ஏற்றுகிறோம். அடுத்த வாரமே கொண்டுவந்துவிடுகிறேன் மாமா என்கிறான். மழை அண்டாவில் விழும் சத்தம்கூடக் கேட்டது.

எழுந்து உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன். மனைவி வந்ததும், தம்பிதான் வாங்கிப் போனான் என்று ஞாபகம் வந்துவிட்டதாக மட்டும் சொன்னேன். அவள் வியர்வையைக்கூடத் துடைக்காமல் தம்பிக்குப் போன் போட்டாள். இத்தனை மாதமாக நாங்கள் ஊரெல்லாம் தேடுகிறோம், நீ வாயைத் திறக்கவில்லையே என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டாள். அவன் பார்க்கிறேன் அக்கா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

வழக்கமாக ஒருநாள் விட்டு ஒருநாள் பேசுகிறவன் அதற்குப் பிறகு ஒரு வாரமாகியும் பேசவில்லை. மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பாத்திரத்துக்காக இருக்கிற ஒரே தம்பியைக் கேள்வி கேட்டுவிட்டேனே என்று புலம்பினாள். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும், கையில் குருத்தோலையோடு அப்படியே அரியலூருக்குப் பஸ் ஏறினோம்.

அவன் வீட்டு வாசலில் குட்டியானை நின்றது. உள்ளே நுழைந்ததும் கூடத்தில் நடுநாயகமாக ஒரு அண்டா. பளபளவென்று புதிது. கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.

மச்சினன் என்னை நேராகப் பார்க்காமல் பேசினான்.

"பழசு எங்க போச்சுன்னு தெரியல மாமா. பரண்ல, மாட்டுக்கொட்டாயில, எல்லா எடத்துலயும் தேடிட்டேன். வாங்கியாந்த நெனப்பே எனக்கு இல்ல. ஆனா நீங்க பொய் சொல்றவரு இல்ல. அதான் புதுசு எடுத்துட்டேன்."

அந்த நிமிடம்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அதனாலென்ன மாப்ள, மறதி எல்லாருக்கும் வருவதுதானே என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

தண்ணீர் கொண்டுவந்த அவன் மனைவி சொம்பைக் கொடுக்காமல் நின்றாள்.

"அண்ணே, நீங்க கொடுத்தது எப்ப?"

"போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச வாரம்மா."

"எதுல ஏத்திட்டு வந்தாரு?"

"குட்டியானையிலதான்."

அவள் புருஷனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "குட்டியானை இந்தத் தையிலதானே அண்ணே எடுத்தோம். ஃபாதர் வந்து மந்திரிச்சப்ப நீங்கதானே முன்னாடி நின்னு ஜெபம் சொன்னீங்க."

சொன்னேன்தான். புது வண்டியில் மாலை போட்டிருந்தது, தீர்த்தம் தெளித்தது, நான் ஜெபப் புத்தகத்தைப் பிடித்திருந்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த வண்டி பிறப்பதற்கு எட்டு ஒன்பது மாதம் முன்னாடியே நான் அதில் அண்டாவை ஏற்றியிருக்கிறேன்.

உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்தது முதல் மேடம் எச்சரித்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். மனைவிக்கே வீடியோ விஷயம் அப்போதுதான் தெரியும். "தப்பு என்னுது மாப்ள. மன்னிச்சுடு" என்றேன். வயதில் சின்னவனிடம் அப்படிச் சொன்னது எனக்கு அதுவே முதல் தடவை.

அவன் கோபப்படவில்லை. பெரிய மூச்சு ஒன்று விட்டான். "எனக்கு மூளையில ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன் மாமா. டாக்டர்கிட்ட போகலாம்னு இருந்தேன்" என்றான்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஆரம்பித்து, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு அவனும் சிரித்தான், அவன் மனைவி சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தவக்காலமானதால் கறி மீன் இல்லை. கத்தரிக்காய் சாம்பாரும் வாழைப்பூ வடையும் சாப்பிட்டோம். அத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து மனைவி சாப்பிட்டாள்.

புது அண்டாவை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அக்காவுக்கு வாங்கியது, அக்காவிடம்தான் இருக்கும் என்று ஒரே பிடி. குட்டியானையில் கொண்டுவந்து இறக்குகிறேன் என்று சாவியை எடுத்தான். மனைவி தடுத்துவிட்டாள்.

"வேணாண்டா தம்பி. அதுல ஏத்தினா, நான்தான் அப்பவே சொன்னேனேன்னு இவரு மறுபடி ஆரம்பிச்சிடுவாரு."

ஆகவே அண்டா பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டு, உள்ளே யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் பெரம்பலூர் மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அந்தக் காட்சி இப்போதும் தெரிகிறதா என்றுதான் கேட்டார். கண்ணை மூடினேன். மழை, நீலச் சட்டை, சத்தம், எல்லாம் அப்படியே இருந்தன. பொய் என்று தெரிந்த பிறகும் ஒன்றும் அழியவில்லை. என் கல்யாண நாள்கூட எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவில்லை.

தெரிகிறது என்றேன்.

"தெரியட்டும் சார். நடந்ததுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

ஊசிப் பயம் பிறகு திரும்பி வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கையை நீட்டுகிறேன். பழைய அண்டா எங்கே போனது என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. இப்போது யாரும் தேடுவதும் இல்லை. அந்த ஈஸ்டருக்கு மச்சினன் குடும்பத்தோடு வந்தான். புது அண்டாவில் முதல் பிரியாணி, அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. சர்க்கரையைச் சொல்லி மனைவி எனக்கு ஒரே ஒரு கரண்டி வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். மச்சினன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே தன் இலையிலிருந்து ஒரு நல்லி எலும்பை எடுத்து என் இலையில் வைத்தான்.