வாட்சில் வந்த நூற்று நாற்பத்திரண்டு

போன மார்கழியில் ஒரு காலை, அடி அண்ணாமலை பக்கம் நடந்தது இது. அன்று இருந்தவர்கள் நான், என் நாத்தனார், ஓர் ஆட்டோக்காரர், கடைசியில் ஒரு பெண் டாக்டர். அவ்வளவுதான். ஊரே கூடி நின்று என்னைப் பார்ப்பதுபோல் எனக்குத்தான் இருந்தது.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் நானும் நாத்தனாரும் கிரிவலப் பாதையில் நடப்போம். மகள் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் சின்னதாக ஓர் இதயப் படம் மினுக்கும், பக்கத்தில் ஒரு நம்பர். அன்றுதான் அதைச் சரியாகக் கவனித்தேன். 142.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின வாரம்தான் எங்கள் தெருவுக்குப் பிரஷர் பார்க்க வந்தவர்கள், நூற்று நாற்பதைத் தாண்டினால் விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். என் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. நானும் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். நம்பர் இன்னும் ஏறியது.

"பாப்பா கல்யாணத்த நீதான் பாத்துக்கணும்" என்றேன்.

"சும்மா இருங்க அண்ணி, இன்னும் மாப்பிள்ளையே பாக்கல" என்று திட்டிக்கொண்டே நாத்தனார் ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரஷர் பார்த்தார், இ.சி.ஜி. எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. "இதுல பிரஷர் நூத்தி நாப்பத்தி ரெண்டுன்னு காட்டுச்சுங்க" என்று நான் வாட்சை நீட்டினேன்.

"இத பிரஷர்னு யாரும்மா சொன்னது?"

"நானாதாங்க நெனச்சுக்கிட்டேன்."

"ஒரு நிமிஷத்துக்கு இதயம் எத்தன வாட்டி துடிக்குதுங்கிற கணக்கு இது. வேகமா நடந்தா ஏறத்தான் செய்யும். பயந்தா இன்னும் ஜாஸ்தியாவும். ஓய்வா ஒக்காந்தா எறங்கணும். இப்ப பாருங்க."

பார்த்தேன். 88.

"நடக்கும்போது பேச முடியுதா?"

நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணி வாய மூடினாதாங்க நாங்க பயப்படணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பேசிக்கிட்டே நடக்க முடிஞ்சா அந்த வேகம் உங்களுக்குச் சரி. நெஞ்சு வலிச்சாலோ தல சுத்தினாலோ உடனே வாங்க. நம்பருக்குப் பயந்து நடைய விட்டுடாதீங்க."

வெளியே வந்ததும் எனக்கு அப்படி ஒரு பசி!

இப்போதும் வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கும். கவலைப்படுவது என் சுபாவம், அது எங்கே போகும்? ஆனால் என் காலுக்கு ஈடுகொடுத்து உள்ளே இதயமும் கூடவே நடந்து வருகிறது என்று நினைத்துக்கொள்வேன், பயம் கொஞ்சம் கம்மியாகிவிடும்.